ஸ்கொட்லாந்து 'மெசின் தொரை'யின் பெட்டி: அவருடைய வாழ்க்கையை எப்படித் தேடுவது?

டிக்கோயாப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாளாகக் கேட்க நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது.

எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. பூட்டன் காலத்திலிருந்து லயத்து அறையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, இப்போது நாங்கள் கட்டிய வீட்டில் அலமாரிக்கு மேல் இருக்கிறது. மூன்றடி நீளம், இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி, தூக்கினால் இரண்டு பேர் வேண்டும். மூடியின் உள்பக்கம் முழுவதும் பென்சில் கிறுக்கல், இங்கிலிஷ் மாதிரித் தெரிகிறது, ஆனால் என்னால் வாசிக்க முடியவில்லை.

வீட்டில் சொல்லும் கதை இதுதான். முதலாம் உலகப் போர் முடிந்து சில வருடங்களில் ஒரு வெள்ளைக்காரர் இந்தப் பக்கம், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு, வந்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரையும் இல்லை, சின்னத்துரையும் இல்லை. ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, மெசின்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் அவர் வேலை, தோட்டம் தோட்டமாகப் போய் வருவார். நம் சனங்கள் அவரை 'மெசின் தொரை' என்று கூப்பிட்டார்கள். ஸ்கொட்லாந்து ஆள் என்று அப்பாயி சொல்வார். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாராம், அது சண்டையில் பட்ட காயம். என் பூட்டனுக்கு ஸ்டோரில் எண்ணெய் போடும் வேலை, மெசின் தொரை வரும்போதெல்லாம் அவர்தான் கையாள். பத்து வருடத்துக்கு மேல் இப்படிப் போயிருக்கிறது. கடைசியில் ஊருக்குத் திரும்பும்போது இந்தப் பெட்டியை அப்படியே பூட்டனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம்.

உள்ளே இருப்பது: மரத்தால் செய்த இழைப்புளி இரண்டு, ஒரு ரசமட்டம், ஒரு தூக்குக்குண்டு, அரங்கள், மடித்து வைக்கும் அடிக்கோல், முனை வளைந்த சுரண்டி மாதிரி மூன்று கருவிகள், ஒரு இரும்புக் கரண்டி. அப்புறம் துணியில் சுற்றி ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், குதிரையின் காலடியில் மண்டையோடு, 1914 என்றும் 1918 என்றும் இருக்கிறது. இன்னொரு பதக்கமும் இருந்ததாம், வானவில் நிற ரிப்பனோடு. அது ஒரு பஞ்ச காலத்தில் அடகுக்குப் போனது, திரும்பவில்லை.

இழைப்புளிகளின் முனையில் 'மாத்திசன், கிளாஸ்கோ' என்று அடித்திருக்கிறது, பக்கத்தில் பிறையும் நட்சத்திரமும். அதனால் அவர் பெயர் மாத்திசன், ஊர் கிளாஸ்கோ என்று வைத்து இணையத்தில் தேடினேன். கடலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது, கிளாஸ்கோவில் மாத்திசன்கள் அவ்வளவு பேர். ஆனால் அப்பாயி சொன்ன பெயர் வேறு. அந்தப் பெயரை இங்கே போடவில்லை, அவருடைய பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எங்காவது இருக்கலாம்.

அவர் எங்கே பிறந்தார், தொழிலை எங்கே படித்தார், எந்தப் படையில் இருந்தார், இங்கே ஏன் வந்தார்? டிக்கோயாவில் இருந்துகொண்டே இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிட்டர், தலவாக்கலை

தம்பி, முதலில் மாத்திசனை மறந்துவிடுங்கள். அது ஆள் பெயர் இல்லை, கொம்பனிப் பெயர். கிளாஸ்கோவில் இழைப்புளி, உளி, துளைக் கருவி எல்லாம் செய்து விற்ற பெரிய கடை அது. பிறையும் நட்சத்திரமும் அவர்களுடைய முத்திரை. ஸ்கொட்லாந்தில் பாதித் தச்சன்மாரிடம் அந்தக் கருவி இருந்திருக்கும். சொந்தக்காரன் பெயரை வேறு இடத்தில் பாருங்கள். அந்தக் காலத்துத் தொழிலாளி தன் பெயரை எழுத்து அச்சால் மரத்தில் அடித்து வைப்பான், பட்டறையில் நாலு பேர் கருவி கலந்து கிடக்கும் என்பதால். இழைப்புளியின் முன்நெற்றியிலோ பின்பக்கத்திலோ, ரசமட்டத்தின் அடியிலோ சிறிய எழுத்தில் இருக்கும். சில கருவியில் இரண்டு மூன்று பெயர் இருக்கும், கை மாறி வந்தது என்று அர்த்தம்.

இரண்டாவது விஷயம், பெட்டியில் உள்ளதைப் பார்த்தால் இவர் வெறும் பிட்டர் (மெசின் பொருத்துகிறவர்) இல்லை. இழைப்புளியும் அரமும் ஒரே பெட்டியில், கூடவே வளைந்த சுரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், கரண்டி. மரவேலையும் இரும்புவேலையும் இரண்டும் தெரிந்த ஆள். அங்கே அதற்கு 'மில்ரைட்' என்று தனித் தொழில் பெயரே உண்டு. தண்ணீர்ச் சில்லு, மரப்பல் வைத்த சக்கரம், ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டு, அதைத் தாங்கும் பேரிங் எல்லாவற்றையும் செய்து நிறுத்தி நேராக ஓடவிடுகிற ஆள். ஸ்கொட்லாந்தில் பெரிய பண்ணைகளில் கதிரடிக்கும் மெசின் இருந்தது, அதைக் கண்டுபிடித்தவரே அன்ட்ரூ மீகிள் என்ற ஸ்கொட்லாந்து மில்ரைட்தான், 1780களில். ஆகவே ஆளுக்கு ஊர் கிளாஸ்கோ மாதிரிப் பட்டணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, பண்ணை நிலத்துக் கிராமமாகவும் இருக்கலாம்.

பதினான்கு பதினைந்து வயதில் ஒரு மேஸ்திரியிடம் எழுதிக் கொடுத்துச் சேர்வார்கள், சாதாரணமாக ஐந்து வருடப் பயிற்சி. முதல் வருடம் கூட்டுவதும் தேநீர் போடுவதும். அதை முடித்தவனைத்தான் தொழில் தெரிந்தவன் என்று எடுப்பார்கள்.

அந்தக் கரண்டி எதற்கு என்று தெரியுமா? பேரிங் ஊற்ற. நான் ஸ்டோரில் சேர்ந்த 1969 இல் கூட எங்கள் ரோலர்களுக்கு மேலே ஒரே நீள ஷாஃப்ட்தான் ஓடியது, அதிலிருந்து தோல் பெல்ட் இறங்கி ரோலரையும் காற்றாடியையும் சல்லடையையும் ஓட்டும். பேரிங் ஒன்று சூடேறினால் முழு ஸ்டோரும் நிற்கும். கொழுந்து மலிந்த காலத்தில் இரண்டு மணி நேரம் நின்றாலே வாட்டிய கொழுந்து கெட்டுவிடும். பழைய வெள்ளை ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, புதிதாகக் காய்ச்சி ஊற்ற வேண்டும். சூடு சரியா என்று பார்க்க ஒரு குச்சியை முக்குவோம். குச்சி கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. ஆறிய பிறகு ஷாஃப்டில் நீல மை தடவி வைத்துச் சுற்றி, மை ஒட்டிய மேட்டை மட்டும் அந்த வளைந்த சுரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். திரும்ப வைத்துப் பார்த்து திரும்பச் சுரண்டி, ஒரு பேரிங்குக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் ஒரு கிழவர். அவருக்குக் கற்றுத் தந்தது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிட்டர் என்று சொல்வார். உங்கள் கதையை வாசித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது.

பென்சில் எழுத்தைப் படம் பிடித்துப் போடுங்கள். நேரே ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். துடைக்கவும் வேண்டாம்.

கம்பளை வாசகன்

1914 இல் கண்டியில் இருந்த தோட்டத்துரைமார் ரைபிள் படையிலிருந்து 200 பேருக்கு மேல் எகிப்துக்குப் போனார்கள், அங்கிருந்து துருக்கியில் உள்ள கலிப்பொலிப் போர்முனைக்கும் போனார்கள். இவரும் அந்தக் கூட்டமாக இருக்கலாமே?

கண்டிவாசி

கம்பளை நண்பர் சொன்ன படை உண்மை. 1915 இல் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் காவலுக்கு நின்றவர்கள் அவர்கள். ஆனால் அதில் இருந்தவர்கள் போருக்கு முன்பே இங்கே இருந்த துரைமார். பேரன் சொல்லும் ஆள் போருக்குப் பிறகு வந்தவர், ஆகவே அது பொருந்தாது.

நான் சில வருடங்களாக கண்டிப் பக்கத்துக் கல்லறைகளில் உள்ள படையாட்களின் விபரம் தேடுகிறவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கும் பதக்கம் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அடகுக்குப் போனது வெற்றிப் பதக்கம், வானவில் ரிப்பன் அதற்குத்தான். இந்த இரண்டுக்கும் ஒரு பெரிய நன்மை உண்டு, விளிம்பில் ஆளின் இலக்கம், தரம், பெயர், ரெஜிமென்ட் எல்லாம் பொறித்தே கொடுத்தார்கள். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் இது இல்லை. ஆகவே பதக்கத்தைத் தட்டையாகப் பார்க்காமல் நாணயம் மாதிரி நிறுத்தி, விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். தயவுசெய்து பொலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்த எழுத்து ஆழமே இல்லாதது, ஒரு பொலிஷ் டப்பாவுக்குத் தாங்காது. உலர்ந்த பருத்தித் துணி போதும்.

அந்த இலக்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். முதலாம் போர்ச் சிப்பாய்களின் சேவைக் கோப்புகள் லண்டனில் ஒரு களஞ்சியத்தில் இருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து ஐந்தில் மூன்று பங்கு எரிந்துபோனது. மிஞ்சியதிலும் பல தாள்களுக்கு ஓரம் கருகியிருக்கும், தீயணைத்த தண்ணீரில் ஊறியிருக்கும். உங்கள் ஆளின் கோப்பு இல்லாமல் போனாலும் பதக்கச் சுட்டி அட்டை இருக்கும், அது தனியாகத் தப்பியது.

இன்னொன்று கேட்க வேண்டும். காலில் காயம் என்றீர்கள். காயத்தால் படையிலிருந்து விலக்கப்பட்டவராக இருந்தால் அவருக்கு வட்டமான ஒரு வெள்ளி ஊசி கொடுத்திருப்பார்கள், சட்டையில் குத்திக்கொள்ள. 1916 செப்டம்பரில் தொடங்கிய வழக்கம் அது. வாலிப வயதில் சாதாரண உடுப்போடு தெருவில் போகிறவனைப் பார்த்து, ஏன் சண்டைக்குப் போகவில்லை என்று அவமானப்படுத்துகிற காலம், அதிலிருந்து காப்பாற்றத்தான் அந்த ஊசி. பின்பக்கம் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பட்டியலில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் காரணமும் எழுதியிருக்கும். பெட்டியில் அப்படி ஏதாவது?

குடும்ப விபரத்துக்கு ஸ்கொட்லாந்து அரசாங்கத்தின் 'ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள்' தளம் போதும். அங்கே 1855 இலிருந்து பிறப்பு, விவாகம், இறப்பு எல்லாம் கட்டாயப் பதிவு. நூறு வருடம் கடந்த பிறப்புப் பதிவுகளின் படத்தையே காசு கட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்துப் பதிவைவிட ஸ்கொட்லாந்துப் பதிவில் விபரம் அதிகம், பெற்றோருக்கு எங்கே எந்தத் திகதியில் கல்யாணம் நடந்தது என்பது வரை குழந்தையின் பிறப்புப் பதிவிலேயே இருக்கும். பிறந்த நேரம் கூட இருக்கும்.

பண்டாரவளை டீச்சர்

பேரன், நீங்கள் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை, கோபித்துக்கொள்ளாமல் வாசியுங்கள். இந்தப் பதில்களை வாசிக்க வாசிக்க என் மனதில் ஒரு பாரம் ஏறிக்கொண்டே போனது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளி எத்தனை மணிக்குப் பிறந்தான் என்று கூட இன்றைக்குக் காசு கட்டினால் தெரிந்துவிடும். என் பாட்டியின் அம்மா, இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய மண்டபம் முகாம் வழியாக வந்தவர். கழுத்தில் தகரத் துண்டு கட்டி அனுப்பினார்கள், 1901 இலிருந்து அந்த முறை இருந்தது, தகரத்தில் தோட்டத்துக்கு ஒரு இலக்கம், ஆளுக்கு ஒரு இலக்கம். எங்கள் பாட்டி அந்தத் தகரத்தை விபூதிப் பெட்டியில் வைத்திருந்தார். பாட்டி போன பிறகு வீட்டைத் துப்புரவாக்கியவர்கள் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அது ஒன்றுதான் எங்களிடம் இருந்த தாள், பத்திரம், கல்வெட்டு எல்லாம். திருச்சிப் பக்கம் என்று சொல்வார்கள், எந்த ஊர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது ஆட்களின் பெயரும் வேலை நாளும் எழுதிய பதிவேடுகளை, எழுபதுகளில் தோட்டம் கைமாறியபோது குவித்து எரித்ததாக அப்பா சொல்வார், இரண்டு நாள் புகைந்ததாம்.

துரையைத் தேட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைத் தேடும்போது உங்கள் பூட்டனையும் சேர்த்துத் தேடுங்கள். பத்து வருடம் பக்கத்தில் நின்றவர் அவர். பென்சில் எழுத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் அறிய ஆசை.

டிக்கோயாப் பேரன்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அம்மா அழுதுவிட்டார். நீங்கள் சொன்னது சரி.

கண்டிவாசி அண்ணே, விளிம்பில் எழுத்து இருக்கிறது! இத்தனை வருடம் கையில் வைத்து விளையாடியிருக்கிறோம், ஒருவரும் பார்க்கவில்லை. ஆறு இலக்க எண், 29 இல் தொடங்குகிறது. சாதாரணச் சிப்பாய் என்ற சுருக்கம், பெயர், கடைசியில் 'கோர்டன்ஸ்'. பெயர் அப்பாயி சொன்ன அதே பெயர்தான். பிட்டர் ஐயா சொன்ன மாதிரி ரசமட்டத்தின் அடியிலும் அதே பெயர் அடித்திருக்கிறது. இழைப்புளி ஒன்றில் வேறு இரண்டு பெயர்களும் உண்டு.

வெள்ளி ஊசி பெட்டியில் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு அத்தை போன் பண்ணினார். அப்பாயி விசேஷத்துக்குப் போகும்போது சேலை மடிப்புக்கு ஒரு வட்ட வெள்ளி ஊசி குத்துவாரே, அதுவா என்று கேட்டார். அதுதான். பின்னால் எண் இருக்கிறது. அத்தையின் நகைப்பெட்டியில் பஞ்சுக்குள் வைத்திருக்கிறார்.

கண்டிவாசி

அருமை. 'கோர்டன்ஸ்' என்றால் கோர்டன் ஹைலண்டர்ஸ், அபர்டீன் பக்கத்து ரெஜிமென்ட். 1917 தொடக்கத்தில் பிரதேசப் படைப் பிரிவுகளுக்கு ஆறு இலக்க எண் புதிதாகக் கொடுத்தார்கள், ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ஒரு வரிசை. கோர்டன்ஸில் 290001 இலிருந்து 7ஆம் பட்டாளம். அதன் தலைமையிடம் பாங்கரி என்ற சிற்றூர், டீ ஆற்றங்கரையில். டிக்கோயாக்காரருக்கு ஒரு விஷயம் சொல்லட்டுமா, பாங்கரிக்குப் பக்கத்தில் இன்வெரி என்று ஒரு இடம் இருக்கிறது. உங்கள் ஊரில் இன்வெரி தோட்டம் இருக்கிறதல்லவா!

பாங்கரி இருப்பது பழைய கின்கார்டின்ஷயரில். கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்தக் கவுண்டிக்காரர்தான். அவருடைய அப்பா வண்டிச்சில்லு செய்யும் தச்சர்.

7ஆம் பட்டாளம் 51ஆம் ஹைலண்ட் டிவிஷனில் இருந்தது. அந்த டிவிஷன் 1916 நொவெம்பர் 13 இல் பிரான்சில் போமோன் ஹமெல் கிராமத்தைப் பிடித்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் அராஸ், ஜூலைக் கடைசியில் ஈப்ர், நொவெம்பரில் கம்பிரே என்று மூன்று சண்டைகள். ஆறு இலக்க எண் இருப்பதால் 1917 இல் அவர் படையில் இருந்தது நிச்சயம். ஊசிப் பட்டியலைப் பாருங்கள், மீதி அங்கே தெரியும்.

டிக்கோயாப் பேரன்

இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். கொழும்பில் இருக்கும் மச்சானின் கார்டில் காசு கட்டி, இரவு இரவாக இருந்து தேடினோம். கிடைத்ததை எல்லாம் சொல்கிறேன்.

ஊசிப் பட்டியலில் இருக்கிறார். 1915 மே மாதம் சேர்ந்தார், 1918 மார்ச்சில் விலக்கப்பட்டார், காரணம் 'காயம்'. சேவைக் கோப்பு இல்லை, எரிந்தவற்றில் போயிருக்க வேண்டும். எந்த இடத்தில் அடிபட்டார் என்பதற்கு ஒரு தாளும் கிடைக்கவில்லை.

பிறப்பு 1897. காலை நாலரை மணி என்று பதிவில் இருக்கிறது. அம்மா உடனே, ஜாதகமே எழுதலாம் போலிருக்கிறதே என்றார். அப்பாவின் தொழில் உழவன், அதாவது பண்ணையில் குதிரை பூட்டி உழுகிற கூலிக்காரர். பிட்டர் ஐயா கிராமமாக இருக்கலாம் என்று சொன்னது அப்படியே சரியாக வந்தது.

என்னை உலுக்கிய தாள் 1911 குடிசன மதிப்பு. ஸ்கொட்லாந்துக் குடிசன மதிப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் 'ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை' என்று ஒரு கட்டம் உண்டு. இவர்கள் வீட்டுக்கு 2 என்று எழுதியிருக்கிறது. ஆட்கள் ஒன்பது பேர். அப்பா, அம்மா, ஏழு பிள்ளைகள். இவர் மூத்தவருக்கு அடுத்தவர், பதின்மூன்று வயது. பிள்ளைகள் பிறந்த ஊர் என்ற கட்டத்தைப் பாருங்கள், ஏழு பிள்ளைக்கு ஐந்து ஊர். ஏன் என்று முதலில் விளங்கவில்லை. தேடி வாசித்த பிறகுதான் தெரிந்தது, அங்கே கல்யாணமான பண்ணைக் கூலியை வருடக் கணக்கில்தான் வேலைக்கு எடுப்பார்கள். வீடு பண்ணைக்காரனுடையது, வேலை போனால் வீடும் போகும். மே மாதம் 28ஆம் திகதி வந்தால் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போக வேண்டியதுதான்.

நான் பிறந்த லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னல் கிடையாது. அதுவும் வேலை இருக்கும் வரைதான் வீடு. அன்றைக்கு இரவு அந்தப் படத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேச வரவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் 'தொரை' என்று சொன்ன ஆள். இங்கே நம் ஆட்கள் அவர் முன்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். அவருடைய அம்மா ஒன்பது பேரை இரண்டு அறைக்குள் வைத்துச் சமாளித்தவர். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை டீச்சர். அவருக்கு ஓட்டு இருந்தது, திரும்பிப் போகக் கப்பல் டிக்கட் இருந்தது, நம் ஆட்களுக்கு 1948 இல் குடியுரிமையே போனது. ஆனாலும் அந்த 2 என்ற எழுத்து இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

1921 குடிசன மதிப்பில் அபர்டீன் நகரத்தில் தனியாக வாடகைக்கு இருக்கிறார், தொழில் மில்ரைட். பதினெட்டு வயதில் படைக்குப் போனவர் ஐந்து வருடப் பயிற்சியை முன்பே முடித்திருக்க வழியில்லை. போர் குறுக்கிட்டுப் பயிற்சி நின்றுபோனவர்களுக்கு அதை முடிக்க அரசாங்கம் 1919 இல் ஒரு திட்டம் வைத்திருந்தது, அப்படித்தான் முடித்திருப்பார் என்று நினைக்கிறேன். இழுத்து நடக்கும் காலோடு ஏணி ஏறி ஷாஃப்ட் மாட்டும் தொழிலுக்குத் திரும்பியிருக்கிறார். 1924 இல் லண்டனிலிருந்து கொழும்புக்குப் போன கப்பல் பட்டியலில் இருக்கிறார், வயது 27. அதில் தொழில் 'எஞ்சினியர்'. 1936 இல் திரும்பும் பட்டியலிலும் அதே. கடைசியாக இறப்புப் பதிவு, 1961, பாங்கரிக்குப் பக்கம். அதில் தொழில் என்ற இடத்தில் திரும்பவும் மில்ரைட். தகவல் கொடுத்தவர் மகள். ஆகவே பெயரைப் போடாமல் விட்டது நல்லதாயிற்று. அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுத நினைத்திருக்கிறேன், ஊசியின் படத்தை வைத்து.

பென்சில் எழுத்தை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் படம் பிடித்தேன், டோர்ச்சைச் சாய்த்து. கீழே போட்டிருக்கிறேன். பிட்டர் ஐயா, உங்களுக்கு விளங்குகிறதா?

பழைய பிட்டர், தலவாக்கலை

விளங்குகிறது தம்பி, மகனின் கொம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம்.

இது பேரிங் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் முதலில் திகதி, அப்புறம் தோட்டத்தின் பெயர் சுருக்கமாக, அப்புறம் மேல் ஷாஃப்டில் எத்தனையாவது பேரிங் என்ற எண். அடுத்து வரும் 3, 4, 4, 5 என்பது ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் விட்ட இடைவெளி, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. மூன்றங்குல ஷாஃப்டுக்கு மூன்று நான்கு விடுவோம், நாங்களும் அதே கணக்குத்தான். 1926 இலிருந்து 1935 வரை இருக்கிறது, நான் எண்ணியது அறுபத்தி மூன்று வரி. ஒரே பேரிங் திரும்ப வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான், ஏழு வருடம் கழித்து. நல்ல வேலை செய்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சொல் இருக்கிறது. முதலில் அது ஏதோ ஈயத்தின் பெயர் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் ஆள் பெயர், யார் கரண்டி பிடித்தது என்று எழுதி வைத்திருக்கிறார். ஊற்றும்போது கை நடுங்கினால் பேரிங் போச்சு, ஆகவே யார் ஊற்றியது என்று குறித்து வைப்பது நல்ல மேஸ்திரிமாரின் பழக்கம். முதல் எட்டு வரியில் அவருடைய சொந்த எழுத்துகள் இரண்டு. ஒன்பதாவது வரியிலிருந்து கடைசி வரை ஒரே பெயர், தமிழ்ப் பெயர், இங்கிலிஷில் எழுதத் தெரியாமல் மூன்று விதமாக எழுதியிருக்கிறார். 1927 மார்ச். உங்கள் பூட்டனின் பெயர் என்ன என்று எனக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், நான் நினைப்பது சரியா என்று பார்க்க வேண்டும்.

டீச்சர் இதைப் பார்ப்பாரென்றால் அந்தப் படத்தில் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூடிக்கு வார்னிஷ் அடித்துவிடாதீர்கள் தம்பி. பென்சில் மங்காது, ஆனால் உரசினால் போய்விடும். உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை நாலு மூலையிலும் சின்ன ஆணியால் பிடித்துத் தொங்கவிடுங்கள், கருவிகளின் முனை அதில் படாமல் இருக்கும். ஆணியை எழுத்து இல்லாத இடமாகப் பார்த்து அடியுங்கள், இடது பக்கம் கீழ் மூலையில் ஒரு வரி சட்டம் வரை போகிறது.